அந்தக் கையெழுத்தைப் போடுவதற்கு முன்

இந்த வாரம் ஒரே ஒரு கடிதம்தான். எழுதியவர் ஆறு பக்கம் எழுதியிருக்கிறார். யார் என்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

வயது 36. ஊர் தென்மாவட்டம், வேலை சென்னையில். பொறியியல் முடித்து ஏழு ஆண்டுகள் மென்பொருள் நிறுவனத்தில் இருந்தவர். நாம் செய்வது நம் ஊர் ஜனங்களுக்குப் பயன்பட வேண்டும் என்ற ஆசையில் ஓர் ஆலோசனை நிறுவனத்துக்கு மாறினார். நான்கு ஆண்டு ஐந்து மாதமாக, ஒரு மாநில அரசுத் துறையின் திட்ட மேலாண்மை அலகில், அதாவது பி.எம்.யு.வில் உட்கார்ந்திருக்கிறார். துறை வழங்கும் உதவித்தொகைகளைப் பழைய மென்பொருளிலிருந்து புதியதற்கு மாற்றும் திட்டம். மென்பொருளைக் கட்டுவது வேறொரு நிறுவனம். அது சரியாக ஓடுகிறதா என்று பார்த்து, யு.ஏ.டி. (பயனர் ஏற்புச் சோதனை) முடிந்தது என்று கையெழுத்துப் போடவேண்டியது இவருடைய குழு. மொத்தம் ஒன்பது பேர். ஒன்றரை ஆண்டாக இவர்தான் டீம் லீட்.

இரண்டரை ஆண்டில் துறைச் செயலாளர் மூன்று முறை மாறிவிட்டார். ஒவ்வொருவரும் வந்ததும் புது டேஷ்போர்டு கேட்கிறார்கள். இரவு பதினொரு மணிக்கு பி.பி.டி. கேட்டு போன் வருகிறது. துறையில் பில் பாஸாகவில்லை என்று சொல்லி நிறுவனம் இரண்டு வருடமாக இன்க்ரிமென்ட் தரவில்லை. குழுவில் இரண்டு பேர் பேப்பர் போட்டுவிட்டார்கள். ரிவ்யூ மீட்டிங்கில் இவருக்குப் பெயர் 'கம்ப்யூட்டர் பொண்ணு'. இதற்கிடையில் தொடக்க விழாவுக்குத் தேதி குறித்தாகிவிட்டது, இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. சோதனைக்காக மாற்றிப் பார்த்த பயனாளிகளின் பதிவுகளில் ஏழில் ஒன்று பெயர் பொருந்தாமல் நிற்கிறது. "சைன் போட்டுடுங்கம்மா, அப்புறம் பாத்துக்கலாம்" என்கிறார் இணை இயக்குநர். இவருடைய மேலாளரும் அதையே சொல்கிறார். இவருடைய ஆலோசனை நிறுவனத்துக்கு வரவேண்டிய தவணையும் அந்தத் தேதியோடுதான் முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது.

வீட்டில் அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். "கவர்ன்மென்ட் ஆபீஸ்லதானே இருக்கே, அஞ்சு வருஷம் முடிஞ்சா நிரந்தரம் பண்ணிடுவாங்க, விட்டுடாதே" என்கிறார். கடைசியில் கேட்டிருக்கும் கேள்வி இது: "எனக்கு இந்த வேலையில் இருந்த ஆர்வமெல்லாம் வற்றிவிட்டது. ஆர்டர் போட அதிகாரமே இல்லாத நான் ஒன்பது பேருக்கு எப்படித் தலைவியாக இருப்பது? போவதா, இருப்பதா?"

அன்புச் சகோதரி,

நீங்கள் கேட்டிருப்பது ஊக்கத்தைப் பற்றி. அதற்கு வருகிறேன். ஆனால் ஐந்தாம் பக்கத்தில் போகிறபோக்கில் இரண்டு வரி எழுதியிருக்கிறீர்கள். மென்பொருளைக் கட்டும் அந்த நிறுவனத்தின் டெலிவரி ஹெட் உங்களை போனில் கூப்பிட்டு, "கோ-லைவ் முடிஞ்சதும் எங்ககிட்ட வந்துடுங்க, நாற்பது பர்சென்ட் கூடத் தர்றோம்" என்று சொன்னாராம். கோ-லைவ் என்றால் புதிய மென்பொருள் நடைமுறைக்கு வருவது. என் மதிப்பைத் தெரிந்த ஒருவராவது இருக்கிறாரே என்று உங்களுக்கு ஆறுதல். நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். அதன்பிறகு முழுக் கடிதத்தையும் முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தேன்.

அந்த போன் அழைப்பு

உங்கள் திறமைக்காகத்தான் கூப்பிட்டார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. திறமை இல்லாதவரைக் கூப்பிட அவர்களுக்கும் பைத்தியமா என்ன! ஆனால் அழைப்பு வந்த நேரத்தைப் பாருங்கள். அவர்களுடைய பெரிய தவணை உங்கள் கையெழுத்துக்குப் பின்னால் காத்திருக்கிறது. 'கோ-லைவ் முடிஞ்சதும்' என்ற இரண்டு சொல்லை அவர் சும்மா சேர்க்கவில்லை. ஒருவேளை அவர் மனதில் கள்ளமே இல்லாமல் இருக்கலாம். நாளைக்குத் தணிக்கையில் ஒருவர் தேதிகளை வரிசையாக அடுக்கிப் பார்க்கும்போது, இந்தத் தேதியில் போன், இந்தத் தேதியில் சான்று, அடுத்த மாதம் அதே நிறுவனத்தில் வேலை என்று மட்டும்தான் தெரியும். மனது தெரியாது.

"நான் தனியார் நிறுவன ஊழியர்தானே, அரசு ஊழியருக்கான விதி எனக்கு எதற்கு?" என்று நீங்கள் நினைக்கலாம். இந்தத் தொழிலில் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். 1988-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம், அரசுச் சம்பளம் வாங்குபவரை மட்டும் பொது ஊழியர் என்று சொல்லவில்லை. பொதுக் கடமை ஆற்றும் பதவியில் இருப்பவரையும் சேர்த்துக்கொள்கிறது. 2016-இல் தனியார் வங்கி ஒன்றின் தலைமைப் பதவிகளில் இருந்தவர்களையே பொது ஊழியர்கள் என்று உச்ச நீதிமன்றம் கொண்டது. அது வங்கிச் சட்டத்தின் ஒரு பிரிவை வைத்து வந்த தீர்ப்பு, உங்களுக்கு அப்படியே பொருந்திவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வேலி நீங்கள் நினைத்த இடத்தில் இல்லை. 2018 திருத்தத்துக்குப் பிறகு, முறையற்ற ஆதாயம் என்பது ரூபாய் நோட்டோடு நிற்பதில்லை. சட்டம் கிடக்கட்டும், உங்கள் நிறுவனம் துறையோடு போட்டிருக்கும் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். இப்படிப்பட்ட ஒப்பந்தங்களில் நலன் முரண்பாடு பற்றி ஒரு பகுதி வழக்கமாக இருக்கும். எல்லோரும் புரட்டிவிட்டுப் போகிற பக்கம் அது.

ஒரு போன் வந்ததால் நீங்கள் தப்பு செய்தவர் ஆகிவிடவில்லை, பயப்படாதீர்கள். செய்யவேண்டியதை மட்டும் இந்த வாரமே செய்துவிடுங்கள். அந்த நிறுவனத்துக்கு இரண்டு வரி மின்னஞ்சல்: "தங்கள் மென்பொருளைச் சரிபார்க்கும் பொறுப்பில் இருக்கும்வரை வேலைவாய்ப்பு குறித்துத் தங்களோடு பேச இயலாது." அதே நாளில் உங்கள் மேலாளருக்கும், நிறுவனத்தில் விதிமுறைகளைக் கண்காணிக்கும் கம்ப்ளையன்ஸ் பிரிவு இருந்தால் அதற்கும், இப்படி ஓர் அழைப்பு வந்தது, இப்படிப் பதில் சொல்லிவிட்டேன் என்று எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் ஏதாவது செய்தி வந்திருந்தால் அழிக்க வேண்டாம். உங்களுக்குச் சாதகமான சாட்சி அதுதான்.

நாற்பது சதவீதம் கைவிட்டுப் போகிறதே என்று வலிக்கும். வலிக்கட்டும். உங்கள் அனுபவத்துக்கு அதே சம்பளம் தர வேறு நிறுவனங்கள் இருக்கின்றன, அவர்கள் உங்கள் கையெழுத்துக்காகக் காத்திருப்பவர்கள் இல்லை.

யு.ஏ.டி.யில் 'யு' யார்?

சரி, கையெழுத்துக்கு வருவோம். "அவர்தானே போடச் சொன்னார், பொறுப்பு அவருடையதுதானே" என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை. வாயால் சொன்னது காற்றோடு போகும். காகிதத்தில் இருப்பது உங்கள் பெயர்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன். பதினைந்து வருடத்துக்கு முன், நானும் இப்படி ஒரு திட்டத்தில், இப்படி ஒரு விழாத் தேதிக்காக, "சார் சொல்லிட்டார்" என்ற தைரியத்தில் கையெழுத்துப் போட்டேன். சொன்ன அதிகாரி மூன்று மாதத்தில் வேறு துறைக்குப் போய்விட்டார். அடுத்த வருடம் தணிக்கை ஆட்சேபணை வந்தது. எட்டு மாதம் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். அவர் நல்ல மனிதர், போன் செய்தால் எடுப்பார். "நான் அப்படிச் சொன்ன மாதிரி ஞாபகம் இல்லையேப்பா" என்பார். அவர் பொய் சொல்லவில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அவருக்கு அது நூறு விஷயத்தில் ஒன்று.

வாய்மொழி உத்தரவு எவ்வளவு பெரிய நோய் என்பதற்கு உச்ச நீதிமன்றமே சாட்சி. முன்னாள் அமைச்சரவைச் செயலாளர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியனும் வேறு சில ஓய்வுபெற்ற அதிகாரிகளும் தொடர்ந்த வழக்கில், 2013 அக்டோபர் 31 அன்று, மேலிடத்து வாய்மொழி உத்தரவுகளை அதிகாரிகள் எழுத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. அதிகாரிகளுக்குக் குறைந்தபட்சப் பதவிக்காலம் வேண்டும் என்றதும் அதே தீர்ப்புதான். உங்கள் துறையில் இரண்டரை வருடத்தில் மூன்று முறை செயலாளர் மாறியதைப் பார்த்தால், அந்தப் பாதி எந்த அளவுக்கு நடைமுறைக்கு வந்தது என்பது புரியும். முதல் பாதியையாவது நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். மீட்டிங் முடிந்த ஒரு மணி நேரத்தில் மினிட்ஸ் எழுதி அனுப்புங்கள்: "இன்று கலந்து பேசியபடி, நிலுவையிலுள்ள இந்தக் குறைகளுடன் சான்று வழங்குமாறு அறிவுறுத்தப்பட்டது. உறுதிசெய்ய வேண்டுகிறோம்." சண்டை இல்லை, குரல் உயரவில்லை. ஆனால் இந்த மடலுக்கு 'ஆம்' என்று பதில் போட யாருக்கும் கை அவ்வளவு சுலபத்தில் வராது.

அதற்காக 'முடியாது' என்று எழுதிவிட்டு உட்கார்ந்துவிடவும் கூடாது. முடியாது என்ற குறிப்பை வைத்துக்கொண்டு இணை இயக்குநர் என்ன செய்வார்? விழாத் தேதி அவர் குறித்ததில்லை. அவருக்கு மேலே இருப்பவருக்குக் காட்ட அவருக்கு ஏதாவது வேண்டும். அதை நீங்கள் கொடுங்கள். என்னென்ன சோதனையில் தேறியது, எது தேறவில்லை, தேறாதவற்றில் எது பணப் பட்டுவாடாவையே நிறுத்தும், எதை ஒரு மாதம் பொறுத்துச் சரிசெய்யலாம் என்று பிரித்து எழுதுங்கள். கூடவே ஒரு யோசனை: குறித்த தேதியில் விழா நடக்கட்டும், இரண்டு வட்டாரங்களில் மட்டும் புதியது ஓடட்டும், மற்ற இடங்களில் பழையதே மூன்று மாதம் தொடரட்டும். ரிப்பன் வெட்ட இரண்டு வட்டாரம் போதும்.

பெயர் பொருந்தாத பிரச்சினையை நீங்கள் 'டேட்டா இஷ்யூ' என்று ஒரு வரியில் முடித்திருக்கிறீர்கள். அப்படி எழுதினால் எந்த அதிகாரிக்கும் உறைக்காது. நம் ஊர்ப் பெயர் எப்படி இருக்கும்? துறைப் பதிவேட்டில் 'சு. முருகன்', ஆதாரில் 'முருகன் எஸ்', வங்கிப் புத்தகத்தில் 'சுப்பையா முருகன்'. மூன்றும் ஒரே ஆள்தான். வட்டார அலுவலகத்தில் இருக்கும் இளநிலை உதவியாளருக்குப் பார்த்ததும் தெரியும், மென்பொருளுக்குத் தெரியாது. ஏழில் ஒன்று என்றால் ஒரு வட்டாரத்தில் எத்தனை முதியவர்களுக்கு, எத்தனை விதவைகளுக்கு முதல் மாதமே பணம் நிற்கும் என்று தலைக்கணக்கு போட்டுக் குறிப்பின் முதல் வரியில் எழுதுங்கள். விழா முடிந்த மறு மாதம் மனு நாளில் கூட்டம் எப்படி இருக்கும் என்பதை அதிகாரிகளுக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொன்றையும் திருத்திக்கொள்ளுங்கள். யு.ஏ.டி. என்பது பயனர் ஏற்புச் சோதனை. பயனர் நீங்கள் இல்லை. வட்டார அலுவலகத்து உதவியாளரும் இ-சேவை மையத்தில் மனு ஏற்றுபவரும்தான் பயனர்கள். சோதனைத் தாளில் அவர்கள் கையெழுத்து இருக்கிறதா? சென்னையில் ஏ.சி. அறையில், நல்ல நெட்வொர்க்கில் உங்கள் குழுவே தட்டிப் பார்த்துவிட்டு டிக் அடித்திருந்தால் அது யு.ஏ.டி.யே இல்லை. மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பட்டியலிலுள்ள தணிக்கையாளரிடமிருந்து பாதுகாப்புத் தணிக்கைச் சான்று வந்துவிட்டதா என்றும் பாருங்கள். அது வரவில்லை என்றால், உங்கள் பெயரை இழுக்காமலே தள்ளிவைக்க ஒரு நியாயமான காரணம் கையில் இருக்கிறது.

தேதிக்காக ஓடினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஹெல்த்கேர் டாட் கவ் ஒரு பாடம். அந்நாட்டு மத்திய அரசின் மருத்துவக் காப்பீட்டுத் தளம், 2013 அக்டோபர் 1 அன்று திறந்தார்கள். முதல் நாள் முடிவில் முழுதாகப் பதிவு செய்ய முடிந்தது ஆறு பேரால். சரியாகச் சோதிக்காமல்தான் திறக்கிறோம் என்பது அந்தத் திட்டத்தில் இருந்தவர்களுக்குத் தெரியாமல் இல்லை. அங்கேயும் தேதிதான் ஜெயித்தது.

அதைவிட உங்களுக்குப் பொருத்தமானது ஆஸ்திரேலியாவின் ரோபோடெட். உதவித்தொகை வாங்கியவர்களின் வருட வருமானத்தைக் கணினி சராசரி போட்டு, நீங்கள் அரசுக்குக் கடன்பட்டிருக்கிறீர்கள் என்று லட்சக்கணக்கானோருக்கு நோட்டீஸ் அனுப்பியது. அது சட்டப்படி செல்லாது என்று பின்னால் முடிவானது. 2023 ஜூலையில் வந்த விசாரணை ஆணைய அறிக்கையில் ஓர் ஆலோசனை நிறுவனத்தின் கதையும் இருக்கிறது. திட்டத்தை ஆராய்ந்து அறிக்கை தருவதற்காக, கிட்டத்தட்ட பத்து லட்சம் டாலருக்கு அமர்த்தப்பட்ட நிறுவனம் அது. அறிக்கை வரைவோடு நின்றது, இறுதி வடிவத்தில் ஒப்படைக்கப்படவே இல்லை. ஆலோசகர் வேலையில் இதைவிடப் பெரிய அவமானம் எனக்குத் தோன்றவில்லை.

குறிப்பை அனுப்பும் வழியிலும் கவனம் தேவை. உங்கள் நிறுவனத்தின் திட்ட இயக்குநர் வழியாக இணை இயக்குநருக்குப் போகட்டும். கோபத்தில் நேரே செயலாளருக்கு அனுப்பிவிடாதீர்கள். அனுப்பினால் அன்றோடு அந்த மாடியில் உங்களுக்குக் காபிகூட வராது. உங்கள் நிறுவனமே அதை அனுப்ப மறுத்தால், மறுத்ததை ஒரு மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொண்டு, கையெழுத்தை அவர்களையே போடச் சொல்லுங்கள்.

ஆர்டர் போட முடியாத தலைவி

இப்போது நீங்கள் கேட்ட கேள்வி. அதிகாரம் இல்லாமல் எப்படித் தலைமை? உங்கள் இணை இயக்குநருக்கு அதிகாரம் இருக்கிறது என்று நினைக்கிறீர்களா? ஒரு ஜூனியரை அவரால் இடம் மாற்ற முடியாது, ஒரு பிரின்டர் வாங்கக் கோப்பு நான்கு மேஜை ஏற வேண்டும். அரசு அலுவலகத்தில் யாருக்கும் தனியாக அதிகாரம் இல்லை, கோப்புக்குத்தான் இருக்கிறது. அதனால் கோப்பில் எழுதத் தெரிந்தவருக்கு அங்கே மரியாதை உண்டு. ஆலோசகர்கள் இதைக் கற்றுக்கொள்வதே இல்லை. பி.பி.டி.யை மெருகேற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஸ்லைடு மீட்டிங்கோடு செத்துப்போகும், குறிப்பு கோப்பில் இருக்கும்.

செயலாளர் மாறுகிறார் என்று அங்கலாய்க்கிறீர்கள். செக்ஷன் கண்காணிப்பாளர் எத்தனை வருடமாக அங்கே இருக்கிறார் என்று கேட்டீர்களா? நான் பார்த்த ஒரு திட்டத்தில் அப்படி ஒருவர், விதிவிலக்காக வரும் மனுக்களை எல்லாம் ஒரு நீள நோட்டில் எழுதி வைத்திருந்தார். எட்டு மாதம் தேவைப்பட்டியல் எடுத்தும் எங்களுக்குக் கிடைக்காத விஷயம் அந்த நோட்டில் இருந்தது. ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க எங்ககிட்ட கேக்கலையே சார், மேல மீட்டிங் போட்டுட்டுப் போயிட்டீங்க" என்றார். உங்களைக் 'கம்ப்யூட்டர் பொண்ணு' என்று சொல்வதும் பாதி இதனால்தான். அப்படிச் சொல்வது தப்பு, சந்தேகமே இல்லை. அடுத்த முறை சிரித்துக்கொண்டே உங்கள் பெயரையும் பதவியையும் சொல்லித் திருத்துங்கள். கூடவே அந்த செக்ஷனில் வாரம் ஒரு மத்தியானம் போய் உட்காருங்கள்.

குழுவின் சோர்வைப் பற்றி ஒரு பரிசோதனையைச் சொல்கிறேன். ஆடம் கிராண்ட் என்ற உளவியலாளர், ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்காக போனில் நன்கொடை கேட்கும் ஊழியர்களிடம் செய்தது, 2007-இல் வெளிவந்தது. அந்த நன்கொடையால் படிக்கும் ஒரு மாணவரை ஊழியர்களில் ஒரு பிரிவினர் ஐந்து நிமிடம் நேரில் சந்தித்தார்கள், அவ்வளவுதான். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், அவர்கள் போனில் பேசிய நேரமும் திரட்டிய தொகையும் இரண்டு மடங்குக்கும் மேலாகியிருந்தன. சம்பளம் கூடவில்லை, மேலாளர் மாறவில்லை.

உங்கள் ஒன்பது பேரில் எத்தனை பேர் உதவித்தொகை வாங்கும் ஒருவரை நேரில் பார்த்திருக்கிறார்கள்? கடிதம் முழுக்கத் தேடினேன். செயலாளர் வருகிறார், வென்டார் வருகிறார், பில் வருகிறது. ஒரு பயனாளிகூட வரவில்லை. ஊர் ஜனங்களுக்குப் பயன்பட வேண்டும் என்று வந்தவர் நான்கு ஆண்டாக அந்த ஜனங்களைப் பார்க்காமல் இருந்தால் ஆர்வம் வற்றாமல் என்ன செய்யும்? அடுத்த வாரம் இரண்டு பேரை அழைத்துக்கொண்டு ஒரு வட்டார அலுவலகத்துக்குப் போங்கள். 'கள ஆய்வு' என்று பெயர் வைத்தால் பயணப்படியும் கிடைக்கும். காலை பத்திலிருந்து நான்கு மணி வரை கவுன்டருக்குப் பின்னால் உட்காருங்கள். பெயர் பொருந்தாமல் திரும்பிப் போகும் ஒரு பாட்டியைப் பார்த்துவிட்டு வரும் ஜூனியரிடம், அந்தக் குறையை ஏன் சரிசெய்ய வேண்டும் என்று நீங்கள் விளக்க வேண்டியிருக்காது.

இரவு பி.பி.டி. விஷயத்துக்குப் பெரிய தத்துவம் வேண்டாம். ஒன்பது பேரில் தினம் ஒருவர் மட்டும் முறை வைத்து போன் எடுக்கட்டும், மற்ற எட்டுப் பேர் தூங்கட்டும்.

நிரந்தரம், ஒப்பந்தம், பணிக்கொடை

அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: அவர் நினைக்கிற மாதிரி அந்த வழி இல்லை. அரசே நேரடியாக ஒப்பந்தத்தில் எடுத்த ஊழியர்கள்கூட வருடக்கணக்கை மட்டும் காட்டி நிரந்தரம் கேட்க முடியாது என்று உமாதேவி வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீங்கள் அரசின் ஒப்பந்த ஊழியர்கூட இல்லை, ஆலோசனை நிறுவனத்தின் ஊழியர். உட்காரும் நாற்காலிதான் அரசுடையது. அரசுக்குள்ளேயே போக வேண்டும் என்ற ஆசை உண்மையாக இருந்தால், மின்னாளுமை முகமைகள் ஒப்பந்த அடிப்படையில் ஆள் எடுக்கும் அறிவிப்புகளைக் கவனியுங்கள். வெளியிலிருப்பவர்களை நேராக உயர் பதவிகளுக்கு எடுக்கும் மத்திய அரசின் 'லேட்டரல் என்ட்ரி' நியமனத்தை மட்டும் நம்பி உட்கார வேண்டாம், 2024 ஆகஸ்டில் 45 பதவிகளுக்கு வந்த விளம்பரத்தைச் சில நாளிலேயே திரும்பப் பெற்றுவிட்டார்கள்.

விலகினால் இரண்டு வருடம் போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்று உங்கள் மேலாளர் மிரட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவுப்படி, தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது. வேலையை விட்ட பிறகு இப்படிப்பட்ட தடை நிற்காது என்பதை நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. ஆனால் நோட்டீஸ் பீரியடும் ரகசியம் காக்கும் ஷரத்தும் செல்லும். ஏதாவது பாண்டில் கையெழுத்திட்டிருந்தால் அதை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற ஒரு பொதுத்துறை வங்கியின் பாண்ட் செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. மேலாளரின் மிரட்டலுக்குக் காரணம் வேறு என்று என் அனுபவம் சொல்கிறது. டெண்டரில் உங்கள் சி.வி.யைக் காட்டித்தான் தொழில்நுட்ப மதிப்பெண் வாங்கியிருப்பார்கள். முக்கிய ஆள் மாறினால் துறையின் ஒப்புதல் வாங்க வேண்டும், சில ஒப்பந்தங்களில் அபராதமும் உண்டு. அவர் பயம் அது. இன்க்ரிமென்ட் பேசும்போது இது உங்களுக்கு உதவும்.

பில் பாஸாகவில்லை என்பது நிறுவனத்துக்கும் துறைக்கும் நடுவிலுள்ள விவகாரம். சம்பள உயர்வைச் சட்டப்படி உரிமையாகக் கேட்க முடியாது, ஆனால் அந்தக் காரணத்தை நீங்கள் ஏற்றுக்கொண்டு தலையாட்ட வேண்டிய அவசியமும் இல்லை.

அப்புறம், யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்: பணிக்கொடை. ஐந்து ஆண்டு முடிந்தால்தான் கிராஜுவிட்டி என்று நினைத்துப் பலர் நஷ்டப்படுகிறார்கள். நான்கு ஆண்டு முடிந்து ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தால் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒரு மேட்டூர் நிறுவனத்தின் வழக்கில் முன்பே சொல்லியிருக்கிறது. கணக்கிடும் மாதச் சம்பளம் 60,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அதை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, ஐந்து ஆண்டுக்குப் பார்த்தால் சுமார் 1,73,000 ரூபாய். நீங்கள் இருப்பது நான்கு ஆண்டு ஐந்து மாதத்தில். இன்று கோபத்தில், நோட்டீஸ் காலத்துக்குப் பணம் கட்டிவிட்டு வெளியே வந்தால் இது போச்சு. சில நிறுவனங்கள் ஐந்து முழு ஆண்டு என்று அடம்பிடிக்கும் என்பதால், ஹெச்.ஆரிடம் எழுத்தில் கேட்டுவிட்டுத் தேதி குறியுங்கள்.

போவதா, இருப்பதா

என் அபிப்பிராயம்: இந்த ஐந்து வாரத்துக்குள் ராஜினாமா வேண்டாம். சான்று விவகாரம் பாதியில் இருக்கும்போது போனால், உங்களுக்கு அடுத்து வருபவர் யோசிக்காமல் கையெழுத்துப் போடுவார், குறை வெளியே வரும்போது பழி போனவர் மேல் விழும். குறிப்பு கோப்பில் ஏறட்டும். அதற்குப் பிறகு தாராளமாக வேலை தேடுங்கள், அந்த ஒரு நிறுவனத்தைத் தவிர.

தேடுவதற்கு முன், எதில் அலுத்துப்போனீர்கள் என்று பாருங்கள். கடிதத்தைப் படித்தால் நிறுவனத்தின் மீதுள்ள கோபமும் இந்தத் துறையின் மீதுள்ள கோபமும் ஒன்றாகக் குழம்பிக்கிடக்கின்றன. நிறுவனம்தான் பிரச்சினை என்றால் இதே வேலையை வேறு நிறுவனத்தில் செய்யலாம். துறைதான் பிரச்சினை என்றால் நிறுவனத்துக்குள்ளேயே வேறு திட்டம் கேட்கலாம். வட்டார அலுவலகத்தில் ஒரு முழு நாள் உட்கார்ந்துவிட்டு வந்தும் உள்ளே எதுவும் அசையவில்லை என்றால், தனியார் பக்கம் போங்கள். அதில் குற்ற உணர்ச்சி எதற்கு? நாலரை வருடம் கொடுத்திருக்கிறீர்கள். போகும்போது பயனாளிகள் பட்டியல் இருக்கும் எக்செல் ஒன்றுகூட உங்கள் லேப்டாப்பிலோ பென் டிரைவிலோ இருக்கக் கூடாது. மாதிரிக்காக எடுத்தது என்ற சமாதானம் எடுபடாது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் வயிறு கலங்குகிறது, ஆறு மாதமாகச் சரியான தூக்கமில்லை என்று கடைசிப் பத்தியில் எழுதியிருக்கிறீர்கள். அதை வேலை மாற்றத்தால் மட்டும் சரிசெய்ய முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு மருத்துவரைப் பாருங்கள். உடனே யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416, தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

கடைசியாக ஒரு வேலை. புதிய செயலாளர் யார் வந்தாலும் முதல் வாரத்தில் அவர் மேஜைக்குப் போகும்படி, இந்தத் திட்டத்தைப் பற்றி ஒரு குறிப்பை இப்போதே தயார் செய்து வையுங்கள்: எங்கே தொடங்கியது, எவ்வளவு செலவானது, எங்கே நிற்கிறது, அவர் முடிவெடுக்க வேண்டியவை எவை. தமிழில் எழுதுங்கள், அந்தக் கண்காணிப்பாளரிடம் காட்டித் திருத்துங்கள். நாலு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். முதல் வாரத்தில் அதற்குமேல் எந்தச் செயலாளரும் படித்து நான் பார்த்ததில்லை.